துண்டும் சான்றும்: இலங்கைத் தோட்டத் தமிழரும் குடியுரிமைச் சட்டங்களும்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வார்க்குத் 'துண்டு' என்னும் சிறு சொல் பெரிதும் பயன்படுவதாகும். தோட்டத்துரை ஒருவர், தம்மிடம் வேலை செய்யும் கங்காணிக்கும் அவர்கீழ் உள்ள ஆட்களுக்கும் உள்ள கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பார் உளராயின் அவர்களை விடுவிப்பதாக எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. வேறொரு துரை அக்கடனை அடைத்த பின்னரே அக்கூட்டம் தோட்டம் மாறல் இயலும். மாறினும் கடன் அவர்களைத் தொடர்ந்தே சென்றது. இத்தமிழ்ச்சொல் துரைமார்தம் ஆங்கில எழுத்துக்களிலும் அவ்வாறே புகுந்தது. இம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளர் ஒருவர் எவருடைய கூட்டத்தைச் சேர்ந்தவர், எவ்வளவு கடன்பட்டவர் என்பதற்கு எழுத்து உண்டு. அவர்தம் தந்தை எங்குப் பிறந்தார், பாட்டன் எந்த ஆண்டில் கடல் கடந்தார் என்பதற்கு அங்ஙனம் பேணப்பட்ட எழுத்துக் கிடைத்தல் அரிது. பிற்காலத்தில் அம்மக்கள் குடியுரிமை இழந்தமைக்குரிய காரணங்களுள் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தோர் போதிய அளவு கருதிற்றிலர் என்பது எம் எண்ணம்.

காப்பித் தோட்டங்கள் பெருகிய 1830களுக்குப் பின்னரே தமிழகத்திலிருந்து ஆட்கள் மிகுதியாகச் செல்லலாயினர். 1869இல் காணப்பட்ட இலைநோயால் காப்பி அழிந்து, அதனிடத்தைத் தேயிலை கொண்டபொழுது, பருவந்தோறும் வந்து மீண்டவர்கள் ஆண்டு முழுதும் தங்கலாயினர். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுதும் கிள்ளப்பட வேண்டியது. ஆகலின் குடும்பத்தோடு குடியேறல் இன்றியமையாததாயிற்று. இவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணியர். (சோழர் கல்வெட்டுக்களில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தவரைக் குறித்த 'கண்காணி' என்னும் சொல்லே, தோட்டத்தில் ஆள் சேர்ப்போர்க்கும் மேய்ப்போர்க்கும் பெயராயிற்று. சொல்லின் வரலாறு சில வேளைகளில் இரங்கத்தக்கது.) இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய் ஆய்வு முடிந்த பின்னரே இவர்கள் கடல் கடந்தனர்.

1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர் இருந்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் வென்றனர்.

கண்டிச் சிங்கள மக்களின் குறையை ஈண்டு மறைத்தல் முறையன்று. 1840ஆம் ஆண்டு அரசுநிலச் சட்டத்தின் துணைகொண்டு அவர்கள் வழிவழியாகப் பயன்படுத்திய நிலங்களை அரசு தன்னுடைமையாக்கித் துரைமார்க்கு விற்றது. அதன் பின்னர் மொழியும் சமயமும் வேறாகிய மக்கள் திரளாக வந்து குடியேறினமை அவர்களுக்கு அச்சம் விளைத்தது இயல்பே. ஆயினும் நிலத்தைக் கவர்ந்தவர் கூலிக்கு வந்தவர் அல்லர். அவர்களை வேண்டி அழைத்தவர் துரைமார். அவர்தம் உழைப்பால் நிறைந்தது அரசின் கருவூலம். நில இழப்பிற்குரிய பழியை உழைப்போர்மேல் ஏற்றியதை நடுநிலையாளர் ஏற்றல் அரிது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வழிமுறையையே அளவுகோலாகக் கொண்டது. இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை அந்நாட்டிற் பிறந்தவர் என்றாவது, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அந்நாட்டிற் பிறந்தவர் என்றாவது காட்டல் வேண்டும். தாய்வழி கருதப்படவில்லை. சட்டத்தின் சொற்கள் எல்லார்க்கும் ஒரே தன்மையன போலத் தோன்றும். ஆயினும் தலைமுறைதோறும் ஒரே ஊரில் வாழ்ந்தவரிடம் எவரும் சான்று கேட்டிலர். லயத்து அறையில் பிறந்தவரிடமே அது கேட்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் பதிவின் வாயிலாகக் குடியுரிமை பெற வழி வகுத்தது. மணமானவர்க்கு ஏழாண்டும் ஏனையோர்க்குப் பத்தாண்டும் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்கு முன் இடையறாது தங்கியிருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பன்னிரண்டு திங்களுக்கு மேற்பட்டு நாட்டை நீங்கியிருந்தால் தொடர்ச்சி அற்றதாகக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 8,24,000 பேர்க்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்கள் அல்லாதார் வாக்குரிமை நீங்கிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் புகவில்லை. இலங்கைத் தமிழ்த் தலைவர்களுள் சா. ஜே. வே. செல்வநாயகம் இச்சட்டங்களை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசினின்று பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தமை குறிப்பிடத்தக்கது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால்பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கையில் அம்மக்கள் 9,75,000 எனக் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பகுக்கப்பட்டு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பண்டங்களைப் பங்கிடுவார் போன்ற இக்கணக்கைச் செய்த இரு நாடுகளுள் இந்தியாவையும் குறை கூறாதிருத்தல் இயலாது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்தோர், பாட்டன்மார் புறப்பட்ட அதே மண்டபம் முகாமில் வந்து தங்கினர். அவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிடப்பட்டது. இலங்கையிற் பிறந்து, தமிழகத்தை முன்னர்க் காணாதவர்க்குத் 'திரும்புதல்' என்னும் வினை எவ்வாறு பொருந்தும்?

2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் இலங்கைச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. இச்சட்டம் பூட்டனின் பிறப்பிடத்தைக் கேட்கவில்லை. வாழ்ந்த வாழ்க்கையே தகுதியாயிற்று. 1948இல் இவ்வளவுகோலைக் கொள்ளுதற்குத் தடையாய் இருந்தது அறிவுக்குறை அன்று. 1931ஆம் ஆண்டு வாக்குரிமை விதிகளிலேயே ஐந்தாண்டு உறைவு ஓர் அளவாகக் கொள்ளப்பட்டிருந்தது.

போர்க்காலத்தில் தமிழகம் வந்து முகாம்களில் தங்கிய மலையக வழியினர் சிலர்க்கு இச்சிக்கல் தீராதிருந்தது. அவர்களுள் 65 பேர் இந்தியக் குடியுரிமை வேண்டித் தொடுத்த வழக்கில், 2019 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பம் செய்யலாம் என்றும், நடுவணரசு அதனை ஆராய்ந்து முடிவு கூறல் வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.