சோழியும் கணிப்பொறியும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் சிறுசேரி வரை இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் அணிவகுத்து நிற்கின்றன. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள நம் குடும்பங்களிலும், "பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்திருக்கிறோம்" என்னும் பேச்சு பெருமையோடு ஒலிக்கின்றது. மகிழத்தக்கதே. ஆயினும், அஃது என்ன கல்வி என வினவினால், ஓர் இயந்திரத்தை இயக்கும் பயிற்சி என்றே பலரும் விடை கூறுவர். அவ்வியந்திரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்கல்வியின் உயிர்ப்பொருள் இம்மண்ணில் வழங்கியது என்பதை வரலாறு காட்டுகின்றது.

அச்சாலைக்கு அண்மையிலுள்ள ஊர் பெரும்பாக்கம். 1802 ஏப்ரல் 10 முதல் மே 22 வரை, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியப் பெருநில அளவைக்கு அதுவே முதல் அடிக்கோடு. ஒரு கோட்டைத் தரையில் அளந்துகொண்டு, தொலைவிலுள்ள குன்றுகளை நோக்கிக் கோணங்களை அளந்தால், எஞ்சிய தூரங்களைக் காகிதத்திலேயே கணக்கிட்டு அறியலாம். இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்து, வங்கக் கரையோரமாகத் தெற்கே கடலூர்ப் பக்கம் வரை அளவை விரிந்தது. அவ்வளவைத் துறையில் கணக்கிடும் மனிதருக்கே 'கம்ப்யூட்டர்' என்பது பதவிப் பெயர். 1831இல் வங்காளத்து ராதாநாத் சிக்தார் அப்பதவியில்தான் சேர்ந்தார். ஆக, கம்ப்யூட்டர் என்னும் சொல் முதலில் மனிதனையே குறித்தது. இயந்திரம் அதனைப் பின்னர்ப் பெற்றது.

லாம்டனுக்கு உதவியாளராகப் பணியாற்றிய ஜான் வாரன், பின்னாளில் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பையும் ஏற்றவர். 1825இல் சென்னையில் வெளியான அவருடைய 'கால சங்கலிதம்' என்னும் நூலில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, அவ்வாண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் ஏடில்லை. வாய்பாடுகள் அனைத்தும் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் நெஞ்சில் இருந்தன. நம் மத்ரஸாக்களில் அலிஃபுக்கு ஒன்று, பேவுக்கு இரண்டு என்று அப்ஜத் கணக்கில் எழுத்தையே எண்ணாக்குவோமே, அதனை ஒத்த ஏற்பாடுதான் அது. வானநூலின் கொள்கை எதுவும் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். எனினும் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமே பிழை; நடுவில் 23 நிமிடம்; முடிவில் 52 நிமிடம்.

கொள்கை அறியாதவர் எங்ஙனம் கணித்தார்? அறிவு முழுவதும் முன்னோர் வகுத்த முறையில் அடங்கியிருந்தது. முதலில் இதைச் செய், அடுத்து அதைக் கழி, மிச்சம் இன்னதாயின் இவ்வாறு செல் என்னும் ஒழுங்கே அம்முறை. அவ்வொழுங்கினை வகுப்பதும் ஆராய்வதும்தான் கணினியியலின் நடுநாயகம்.

அம்முறைக்கு உலகம் இட்ட பெயர் 'அல்காரிதம்'. கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீயின் பெயர் லத்தீன் மொழியில் திரிந்து உண்டான சொல் அது. 'அல்ஜப்ர் வல் முகாபலா' என்னும் அவருடைய நூலில் ஏறத்தாழச் சரிபாதி, வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது. இன்றும் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபராயிள் கலை அத்தகைய முறையன்றி வேறென்ன? கணவனையும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரையும் மட்டும் விட்டு ஒரு பெண் இறந்தால், கணவனுக்குப் பாதி. சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக்கினால் மூன்றும் நான்குமாக ஏழு வருகின்றது! பங்கு மிஞ்சுகிறதே என்று எவரும் திகைப்பதில்லை. சொத்தை ஏழாக்கி மூன்றும் நான்குமாகக் கொடுக்கும் 'அவ்ல்' விதி ஆயத்தமாக நிற்கின்றது. இடர் வருமிடத்தை முன்னறிந்து வழி வகுத்து வைப்பதே நல்ல அல்காரிதத்தின் இலக்கணம்.

இவ்வியலின் பரப்பும் இதனால் விளங்கும். ஒரு பணியைத் தனித்தனிப் படிகளாகப் பிரிக்க இயலுமா? எத்தனை படிகள் வேண்டும்? விவரங்களை எவ்வாறு அடுக்கினால் விரைவில் எடுக்கலாம்? விடை சரியென்பதற்கு உறுதி யாது? இவ்வினாக்களே அதன் பாடங்கள். இயந்திர அமைப்பு அவற்றுள் ஒரு பகுதி. இக்கலைக்கு எல்லையும் உண்டு. எந்த முறையாலும் தீர்க்க இயலாத வினாக்கள் உள்ளன என்பதை 1936இல் ஆலன் டூரிங் என்னும் ஆங்கில அறிஞர் நிறுவினார்.

புதுச்சேரிக் கணிதரின் 52 நிமிடப் பிழை நமக்கொரு பாடம். முறையைப் பின்பற்றுவோர் எத்துணைக் கவனமாயிருப்பினும், முறைக்குள்ளேயே பிழை இருந்தால் அவரால் அதனைக் காண இயலாது. வங்கிக் கடன், வேலைவாய்ப்பு, நோய் ஆய்வு ஆகியவற்றில் மனிதரைப் பற்றிய முடிவுகளைக் கணிப்பொறி வழங்கிவரும் இக்காலத்தில், முறையைத் திறந்து பார்த்து, இங்கே நீதி தவறுகிறது என்று சொல்லும் ஆற்றல் உடையோர் நம்மிடையே வேண்டும். இயக்க மட்டும் பழகியவர் அதனைச் சொல்லவியலாது.

ஆதலால் பெற்றோரே! பிள்ளைக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்ததென எண்ணாதீர். கணிதத்தை அவன் காரணத்தோடு கற்கிறானா எனக் கேளுங்கள். பெண்மக்களையும் அவ்வாறே கற்பியுங்கள். மத்ரஸா ஆசிரியர்கள் ஃபராயிளை மனனப் பாடமாக நிறுத்தாது, ஒவ்வொரு படியும் எதற்கென விளக்கிக் கற்பித்தால், குவாரிஸ்மீயின் கலை மீண்டும் நம் மக்களின் கைக்கு வரும். வல்ல அல்லாஹ் நம் கல்வியைப் பயனுள்ளதாக்குவானாக!