ஒற்றை வெடியும் இரண்டாம் துவக்கும்

நெல்லியடியிலிருந்து கொடிகாமம் வழியாகச் சென்று ஆனையிறவைக் கடந்தால் வன்னி நிலம் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே யானை வேட்டைக்குச் சென்றவனின் ஒற்றைக் குழல் துவக்கில் ஒரு வெடிதான் உண்டு. மருந்தும் குண்டும் குழல்வாயில் இட்டு இடித்து முடிக்குமுன் காயம்பட்ட விலங்கு எதிரே வந்துவிடும்.

1846இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கில வேட்டைக்காரர் தம் துவக்குகளை நூலில் விரிவாகச் சொல்கிறார். பெரியது ஒற்றைக் குழல். நிறை 21 இறாத்தல். குண்டு நான்கு அவுன்சு. இரட்டைக் குழல் துவக்குகள் நான்கும் வைத்திருந்தார். ஆயினும் அவருடைய அடுத்த வெடி பின்னால் நின்ற ஆளிடமே இருந்தது. நிரப்பிய துவக்கை நீட்ட வேண்டிய அவன் அஞ்சி ஓடினால், வேட்டைக்காரர் வெறுங்கையர். இத்தகையோருள் எத்தனை பேரின் பெயர் நூலேறியது?

மீண்டும் நிரப்பாமல் ஏழு முறை சுடக்கூடிய ஸ்பென்சர் றைபிளுக்கு அமெரிக்காவில் 1860இல் உரிமம் கிடைத்தது. (அதன் சிறு குண்டு யானைக்குப் போதாது என்பது வேறு கதை.) நேயர்களே, அதற்கு முன்னரே, 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள், நமது வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் டெனன்ட் எழுதியுள்ளார். தலைக்குச் சில சிலிங் வெகுமதி கிடைத்தது.