சொப்பர் வண்டியும் பெயர் மறைந்துபோன இரு கைவினைஞர்களும்

1969 ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்காவில் 'ஈஸி ரைடர்' என்ற திரைப்படம் வெளியானது. டெனிஸ் ஹொப்பர் இயக்கி, பீற்றர் ஃபொன்டாவுடன் இணைந்து நடித்த அந்தப் படத்தின் கதையை மறந்துவிட்டவர்கள்கூட, அதில் வந்த மோட்டார் சைக்கிளை மறந்திருக்கமாட்டார்கள். முன்சில்லு வெகுதூரம் நீண்டு செல்ல, பெற்றோல் தாங்கியில் அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் கோடுகளும் தீட்டப்பட்டிருந்த அந்த வண்டிக்கு 'கப்டன் அமெரிக்கா' என்று பெயர். உலகில் மிக அதிகமாகப் பிரதி செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களுள் அதுவும் ஒன்று. ஆனால், அதனை உருவாக்கியவர்களின் பெயர்கள் படத்தின் எழுத்தோட்டத்தில் எந்த இடத்திலும் வரவில்லை.

இதனைப் புரிந்துகொள்வதற்கு இரண்டாம் உலகப் போரின் முடிவுக்குச் செல்லவேண்டியிருக்கிறது. போர்க்காலத்தில் மில்வாக்கி நகரின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் ஏறத்தாழ 90,000 மோட்டார் சைக்கிள்களை நேச நாடுகளின் படைகளுக்காகத் தயாரித்தது. போர் முடிந்ததும் இராணுவத்திற்குத் தேவைப்படாத வண்டிகள் மலிவு விலைக்கு வந்தன. வீடு திரும்பிய இளம் சிப்பாய்கள் அவற்றை வாங்கினார்கள். வாங்கியவர்கள் முதலில் கையில் எடுத்தது வாளைத்தான். முன் மட்கார்ட்டைக் கழற்றி எறிந்தார்கள், பின் மட்கார்ட்டைப் பாதியில் அறுத்தார்கள். 'பொபர்' எனப்படும் வண்டி இவ்வாறே பரவியது. அழகு அங்கே இரண்டாவது நோக்கம். இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதற்குப் பணம் வேண்டும். எடையைக் குறைப்பதற்கு ஒரு வாள் போதும். பலன் ஏறத்தாழ ஒன்றுதான்.

நிறுவனமோ எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தது. 1949 இல் ஹைட்ரா கிளைட் வண்டியின் முன்பக்கத்திற்கு எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகள் வந்தன. 1958 இல் டுவோ கிளைட் மூலம் பின்சில்லுக்கும் சுருள்வில் கிடைத்தது. 1965 இல் எலெக்ட்ரா கிளைட், காலால் உதைக்காமலே புறப்பட்டது. ஒவ்வொரு வசதியும் வண்டியின் எடையைக் கூட்டியது. தொழிற்சாலை சேர்த்ததைக் கறாஜ்காரர் கழற்றினார் என்று இந்த இருபது வருட வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

சொப்பர் என்பது அதற்கடுத்த கட்டம். இங்கே வெட்டப்பட்டது மட்கார்ட் மட்டுமல்ல, சட்டகத்தின் கழுத்தும்தான். முன்சில்லைத் தாங்கும் கவரின் சாய்வை அதிகரித்து, அதன் நீளத்தையும் கூட்டினால், சில்லு முன்னோக்கிப் போய்விடும். நேரான நெடுஞ்சாலையில் இத்தகைய வண்டி தண்டவாளத்தில் போவதுபோல அசையாமல் போகும். ஆனால் நகரத்துச் சந்தியில் மெதுவாகத் திருப்ப முயன்றால் ஹாண்டில் பாரமாகி ஒரு பக்கம் சரியும். கப்டன் அமெரிக்கா வண்டிக்கு முன் பிரேக் கிடையாது. பின்சில்லுக்குச் சுருள்வில்லும் கிடையாது. வீதியின் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பு வாங்கிக்கொள்ளவேண்டும். அதில் ஏறி அமெரிக்காவைக் கடப்பதுதான் சுதந்திரம் என்று ஒரு தலைமுறை நம்பியது. நம்பியவர்களில் பலர் அந்த வண்டியில் பத்து மைல்கூடப் போயிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இனி, அதனை உருவாக்கியவர்களிடம் வருவோம். தெற்கு லொஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் பென் ஹார்டி என்பவர் ஒரு மோட்டார் சைக்கிள் திருத்துமிடம் வைத்திருந்தார். கிளிஃப் வோஸ் என்ற கறுப்பின இளைஞர் அவரிடம் தொழில் நுணுக்கம் கற்றவர். வோஸ் சாதாரண ஆள் அல்லர். அகிம்சை மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவின் புகைப்படக்காரராகக் குடியுரிமைப் போராட்டத்தில் நின்றவர். 1964 மே மாதம் மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தேசியக் காவற்படையினர் அவரைப் பிடித்து இழுக்கும் காட்சியை டானி லயன் எடுத்த படம், அந்தப் போராட்டத்தின் அறியப்பட்ட படங்களுள் ஒன்று.

படத்திற்கான வண்டிகளுக்காகப் பொலிஸார் கழித்துவிட்ட பழைய ஹைட்ரா கிளைட்கள் ஏலத்தில் வாங்கப்பட்டன. 250 கிலோவைத் தாண்டும் அந்தக் கனத்த வண்டிகளைப் பிரித்து, வடிவத்தை வோஸ் கவனிக்க, ஹார்டியின் பட்டறையில் அவை சொப்பர்களாயின. கறுப்பர்களையும் வெள்ளையரல்லாத பிறரையும் அந்நாளைய மோட்டார் சைக்கிள் உலகம் வரவேற்றதில்லை. அவர்கள் கையால் உருவான வண்டியோ வெள்ளை அமெரிக்க இளைஞனின் சின்னமாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கறாஜ்காரர்களை நினைவில் வைத்திருக்கும் வாசகர்களுக்கு, வேலை நிலைத்துப் பெயர் மறைவது புதிதாகத் தோன்றாது.

திரைப்படம் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் வசதியைத் தேடியவர்களும் இருந்தார்கள். கிறேக் வெற்றர் என்ற இல்லினோய் மாநில வடிவமைப்பாளர் 1971 இல் 'விண்ட்ஜாமர்' என்ற காற்றுத்தடுப்பை விற்பனைக்கு விட்டார். மார்பில் மோதும் காற்றுத்தான் நெடும்பயணியைக் களைக்கச் செய்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். பல நிறுவனங்களின் வண்டிகளுக்கும் ஒரே உறை பொருந்தும். தாங்கும் இரும்பு மட்டும் மாறும். 1975 இன் ஹொண்டா கோல்ட் விங் காற்றுத்தடுப்பு இல்லாமலே வந்தது. வாங்கியவர்கள் தாமாகவே பூட்டிக்கொள்வதைப் பார்த்த ஹொண்டா, 1980 இல் காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் பூட்டிய வண்டியையே விற்கத் தொடங்கியது.

ஹார்லி நிறுவனமும் பாடம் கற்றது. 1971 இல் வில்லி ஜி. டேவிட்சன், பெரிய வண்டியின் சட்டகத்தில் சிறிய வண்டியின் முன்பகுதியைப் பொருத்தி சுப்பர் கிளைட்டை உருவாக்கினார். கறாஜ்களில் நடந்துவந்ததைத் தொழிற்சாலையே செய்த முதல் சந்தர்ப்பங்களுள் அது ஒன்று. 1984 இல் வந்த சொஃப்ட்டெயில் இன்னும் சுவாரசியமானது. பார்ப்பதற்குச் சுருள்வில் இல்லாத பழைய சட்டகம். அதிர்வுதாங்கிகளோ கியர்ப்பெட்டியின் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தன. அந்த உபாயம் நிறுவனத்திற்குள் பிறந்ததன்று. மிசூரி மாநிலத்தின் பில் டேவிஸ் என்ற பொறியியலாளர் தாமே வடிவமைத்து நிறுவனத்திற்கு விற்றது. பொறுத்துக்கொண்ட முதுகுவலியின் தோற்றத்தை வலியில்லாமல் வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள்.

பென் ஹார்டி 1994 இல் காலமானார். 2014 ஒக்ரோபரில் கப்டன் அமெரிக்கா எனப்பட்ட ஒரு வண்டி 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனதாக அறிவிக்கப்பட்டது. அதே உரிமைகோரலுடன் இன்னொரு வண்டியும் இருந்தமையால், எது அசல் என்ற சர்ச்சை எழுந்தது. அந்தச் சர்ச்சையின்போதுதான் அமெரிக்கப் பத்திரிகைகள் பல, ஹார்டி, வோஸ் ஆகிய இருவரின் பெயர்களையும் விரிவாக எழுதின. வோஸ் அப்போது உயிருடன் இருந்தார். 2016 இல் அவரும் மறைந்தார்.