கிளையில் முளைத்த கிளை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம் என்றொரு ஊர். சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதர் மேல் ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார். கதாநாயகி வசந்தவல்லி. பந்தாடிக்கொண்டிருந்தவள் உலா வந்த நாதரைப் பார்த்து மயங்கினாள், சோறு தண்ணீர் மறந்தாள், தோழியைத் தூது விட்டாள். அதுவரை கதை அவளுடையதாகத்தான் இருந்தது. அப்போதுதான் தெருவில் ஒரு குறத்தி வந்தாள்.

பழைய அகப்பாட்டுகளில் குறி சொல்கிறவள் வருவாள், சொல்வாள், போவாள். குறவஞ்சி என்ற வடிவம் அவளைக் கூடுதல் நேரம் மேடையில் நிற்க விட்டது. ராசப்பக் கவிராயர் கையில் அவள் மேடையையே வளைத்துக்கொண்டாள். தன் மலையின் வளத்தை வாயாரச் சொல்லி, வசந்தவல்லியின் கையைப் பிடித்து ரேகை பார்த்து, நாதர் வந்து சேர்வார் என்று நல்வாக்குக் கொடுத்து, பரிசாகக் கிடைத்த நகைகளோடு, சிங்கி என்ற அந்தக் குறத்தி கிளம்பினாள். நியாயப்படி நாடகம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

பெண்டாட்டியைக் காணோம் என்று தேடிக்கொண்டு சிங்கன் வந்தான். எடுபிடிக்குக் கூடவே நூவன். பறவை பிடிக்கக் கண்ணி வைத்தார்கள். சிங்கனுக்கு நினைப்பெல்லாம் சிங்கி மேல். ஒருவழியாகக் குற்றாலத் தெருவில் அவளைக் கண்டுபிடித்தால், உடம்பெல்லாம் அவன் பார்த்தறியாத நகைகள். காலில் இருப்பது என்ன, கையில் இருப்பது என்ன என்று அவன் மிரண்டு மிரண்டு கேட்க, அவள் சளைக்காமல் பதில் சொன்னாள். அந்த உரையாடல் ஓடும்போது வசந்தவல்லி என்ன ஆனாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் விழுந்தது. 1944-ல் ருக்மிணி தேவி இந்த நாடகத்தைக் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். வந்து போகிற பாத்திரத்துக்குக் கதையை எழுதி வைத்தால் ஊரே திரண்டு பார்க்கும் என்பது மேலகரத்தில் எப்போதோ நிரூபணமாகிவிட்டது. கார்ட்டூன்காரர்களுக்கு அது தெரிய வெகுகாலம் பிடித்தது.

1984-ல் அமெரிக்காவில் மப்பெட் பொம்மைகளை வைத்து ஒரு சினிமா எடுத்தார்கள். அதில் சின்னதாக ஒரு கற்பனைக் காட்சி: எல்லாப் பொம்மைகளும் கைக்குழந்தைகளாக இருந்தால் எப்படி இருக்கும்? வேடிக்கைக்காகச் சேர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவே தனிக் கார்ட்டூன் தொடராகி, 1991 வரை ஓடியது. 1995-ல் இங்கிலாந்தின் ஆர்ட்மேன் நிறுவனம் களிமண் பொம்மைகளை வைத்து எடுத்த குறும்படம் ஒன்றில், வாலஸ் என்ற மனிதருக்கும் குரோமிட் என்ற நாய்க்கும் நடுவே ஒரு செம்மறியாடு வந்து போனது. 2007-ல் அந்த ஆட்டுக்கே தனித் தொடர் கிடைத்தது. அதில் ஒரு பாத்திரம்கூட வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. 2009-ல் அந்தத் தொடரில் வந்த ஆட்டுக்குட்டிக்கு இன்னொரு தொடர். ஆக, கிளையிலிருந்து இன்னொரு கிளை முளைக்கலாம், முளைக்கிற குட்டி பேசவும் வேண்டாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹைதராபாத்தில் ஒருவர் கிளைக்கு அல்ல, மரத்துக்கே வழி தேடிக்கொண்டிருந்தார்.

ராஜீவ் சிலகா அமெரிக்கா போய்க் கம்ப்யூட்டர் படித்தவர். பிறகு பாதை மாறி அனிமேஷன் படித்துவிட்டு ஊர் திரும்பி, 2001-ல் கிரீன் கோல்டு அனிமேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைக்கு இந்தியாவில் அனிமேஷன் என்றால் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வரைந்து கொடுப்பதுதான். சொந்தமாக ஒரு பாத்திரம் உண்டாக்கி, அதை ஒரு சேனலிடம் விற்பது சூதாட்டம். டிவியைப் போட்டால் ஜப்பான் பையன்களும் அமெரிக்கப் பூனை எலிகளும். சிலகாவின் ‘போங்கோ’ என்ற தொடர் வந்தது. பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. விக்ரமாதித்தன் வேதாளம் கதையைக் கையில் எடுத்தார். அடுத்து கிருஷ்ணனின் பால லீலைகளைப் படங்களாக்க, அவை கார்ட்டூன் நெட்வொர்க்கில் பிடித்துக்கொண்டன. இதற்கிடையில் மகாபாரதத்திலிருந்து இன்னொரு ஆள் அவர் மேசையில் காத்துக்கொண்டிருந்தான்.

அந்த பீமனை அப்படியே எடுத்திருந்தால் துரியோதனன் தொடை வரைக்கும் போக வேண்டியிருக்கும். சிலகா எடுத்துக்கொண்டது பலத்தையும் பசியையும் மட்டும்தான். குருக்ஷேத்திரத்தைக் கழித்துவிட்டு, டோலக்பூர் என்று ஒரு கற்பனை ராஜ்யத்தை உண்டாக்கி, அதில் ஒன்பது வயதுப் பையனை விட்டார். சட்டை இல்லை, வேட்டி மட்டும். கூட சுட்கி, ராஜு, ஜக்கு என்ற குரங்கு, எதிர்ப்பக்கம் காலியா. லட்டு தின்றால் பலம் வரும். கீரை தின்று பலம் பெறும் மாலுமி ஒருவன் அமெரிக்கக் கார்ட்டூனில் எப்போதோ இருந்தான்; ஆனாலும் கீரையை விட லட்டு எவ்வளவோ நியாயமான ஏற்பாடு. 2008 ஏப்ரலில் ‘சோட்டா பீம்’ போகோ சேனலில் தொடங்கியது. தமிழ்க் குரலிலும் வந்து வீடு வீடாக நுழைந்தது. பள்ளிக்கூடப் பை, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் என்று அவன் முகம் ஒட்டாத பொருளே இல்லை என்ற நிலை வந்தது. அதன் பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது.

ஓடுகிற குதிரையை யாரும் லாயத்தில் கட்டி வைப்பதில்லை. முதலில் பீமனையும் கிருஷ்ணனையும் ஒரே படத்தில் சேர்த்தார்கள். 2011-ல் டோலக்பூர் கும்பலில் கடைக்குட்டியான ராஜுவைப் பிரித்தெடுத்து ‘மைட்டி ராஜு’ ஆக்கினார்கள். இந்த ராஜு நகரத்துப் பையன், அப்பா விஞ்ஞானி, அவன் வயிற்றில் இருக்கும்போது அம்மா தவறுதலாக ஆய்வகத் திரவத்தைக் குடித்துவிட்டதால் அசாத்திய பலம். கதையைக் கேட்டாலே தெரியும், இது வெறும் பெயர் உறவு. 2012 மே மாதம் பீமன் தியேட்டருக்கு வந்தான், தம்யான் என்ற அரக்கனின் சாபத்தோடு. 2013-ல் பாலித் தீவுக்குப் போனான். அங்கே சந்தித்த இளவரசன் அர்ஜுனுக்கு அடுத்த ஆண்டே தனித் தொடர், அதுவும் போட்டிச் சேனலான டிஸ்னியில். 2016-ல் இமயமலை. ஒவ்வொரு தடவையும் எதிரி பெரிதானான், மந்திரம் பெரிதானது, பேச்சு நீண்டது. ஆனால் இவ்வளவு பேச்சும் இந்தியாவைத் தாண்டிப் போய் நிற்கவில்லை.

அப்போதுதான் நெட்ஃப்ளிக்ஸ் வந்தது. உலகம் முழுக்கக் காட்ட ஒரு இந்தியக் கார்ட்டூன் தேவைப்பட்டது. கையிலிருந்த பீமனை அப்படியே அனுப்பினால் எத்தனை மொழியில் குரல் கொடுப்பது? லட்டு என்றால் என்ன, டோலக்பூர் எங்கே என்று எத்தனை பேருக்கு விளக்குவது? கிரீன் கோல்டுக்காரர்கள் எடுத்த முடிவு வியாபாரக் கண்ணோடு பார்த்தால் தற்கொலை மாதிரி. பத்து வருஷமாக எதை வைத்து விற்றார்களோ அதையெல்லாம் கழற்றினார்கள். கும்பல் போனது, ராஜா போனார், அரக்கர்கள் போனார்கள். வயதைக் குறைத்தார்கள், பீமன் தவழ்கிற, தத்தித்தத்தி நடக்கிற குழந்தையானான். கடைசியாக வசனத்தையும் எடுத்துவிட்டார்கள்.

மிஞ்சியது சிலகா முதலில் மகாபாரதத்திலிருந்து எடுத்துக்கொண்ட அதே இரண்டு: பலமும் பசியும். தன் பலம் தனக்கே தெரியாத குழந்தை, தின்பண்டத்தைத் தேடிப் போகிறது, ஊர் தலைகீழாகிறது. கதை அவ்வளவுதான். 2019 ஏப்ரல் 12 அன்று ‘மைட்டி லிட்டில் பீம்’ வெளியானது. இந்தியாவிலிருந்து நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்த முதல் சொந்த அனிமேஷன் தொடர் அதுதான். அந்த ஆண்டுக்குள் 2 கோடியே 70 லட்சம் வீடுகளில் அதைப் பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது, பெரும்பாலும் இந்தியாவுக்கு வெளியே. குட்டி வெளியான அடுத்த மாதமே பெரிய பீமன் குங்ஃபூ கற்றுக்கொண்டு முப்பரிமாணத்தில் தியேட்டருக்கு வந்தான். உலகம் சுற்றியது குட்டிதான். (அதே 2019-ன் நவம்பர் 22-ல் தென்காசியும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது, அந்த ஆண்டு கிளைகளுக்கு ராசியான ஆண்டு போலிருக்கிறது.)

அந்தக் குட்டி எதற்கு லாயக்கு என்பது குற்றாலத்துச் சீசனில் விளங்கும். செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளம். புனலூர், கொல்லம் பக்கத்துக் குடும்பமும் மதுரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பமும் ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறைகளில் தங்குவது வழக்கம். மலையில் மழை பிடித்து மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால், போலீஸ் குளிக்கத் தடை போட்டுவிடும். பெரியவர்கள் பரோட்டாக் கடைக்குக் கிளம்பிவிடலாம். பிள்ளைகள் என்ன செய்யும்? வராந்தாவில் யாரோ ஒருவர் செல்போனை நீட்டினால், எந்த மொழியில் வைப்பது என்ற தகராறுதான் முதலில் வரும். வசனமே இல்லாத படத்துக்கு அந்தத் தகராறு கிடையாது. தமிழ்ப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் ஒரே இடத்தில் சிரிக்கும்.

குட்டிக்குப் பிறகும் கிளைகள் நிற்கவில்லை. அவனுக்கே தீபாவளி, ஹோலி, பட்டத் திருவிழா என்று சிறப்புப் படங்கள் வந்தன. 2024 மே 31-ல் தம்யான் சாபக் கதையை நிஜ மனிதர்களை நடிக்கவைத்து மறுபடி எடுத்தார்கள். குருவாக அனுபம் கேர். அத்தனை செலவுக்கும் சத்தத்துக்கும் பிறகும், பீமன் குடும்பத்தில் இதுவரை பிறந்ததில் உருப்படியான பிள்ளை அந்த வாய் பேசாத குழந்தைதான்.