அறம் – கொடையா, நீதியா?

கடலூர் பேருந்து நிலையத்தில் ‘தருமம் பண்ணுங்க’ என்று ஒரு குரல் கேட்டால், சில்லறை போடச் சொல்கிறார்கள் என்று பொருள். தாங்குதலைக் குறிக்கும் வடமொழி வேரில் பிறந்து, நீதி, கடமை, ஒழுக்கம் எல்லாவற்றையும் சுமந்த சொல் இப்படிப் பிச்சையாகச் சுருங்கிவிட்டது. அந்த இடத்துக்கும் இப்போது ‘சாரிட்டி’ வந்துவிட்டது. யூதர்களின் எபிரேயத்தில் கொடையைக் குறிக்கும் ‘செதாக்கா’வும் நீதியைக் குறிக்கும் ‘செதெக்’கும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். அதனால் யூத சபையில் ஏழைக்குக் கொடுப்பது இரக்கம் மட்டுமல்ல, கடமை. நம் ‘அறம்’ என்பதும் அப்படி இரண்டையும் சுமக்கும் சொல்தான். மதுரைக்காஞ்சியில் நீதிமன்றத்துக்குப் பெயர் ‘அறங்கூறவையம்’; கொடைக்கென்று எழுதிவைப்பது இன்றும் ‘அறக்கட்டளை’. செயலிலும் இந்த இரண்டையும் பார்க்கலாம். வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். சாதி, மதம் கேட்காமல் சோறு போடும் அந்தச் சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தார். முன்னதைத் தருமம் என்றும் பின்னதைச் சமூகநீதி என்றும் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் அறப்பணி. கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, ஆண்டுத் திட்டம் போட உட்காரும்போது இந்தச் சொல்லையே தலைப்பாக எழுதட்டும். அன்னதானத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதோடு, இந்த ஊரில் யாருக்கு எது மறுக்கப்படுகிறது என்றும் அப்போது கேட்டாக வேண்டும்.