அசையாத நெருப்பு

ஹவாய்த் தீவுகளின் பழங்குடி மக்களிடையே பேலே என்னும் தீத்தெய்வத்தைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அத்தேவி முதலில் வடமேற்கிலுள்ள காவாய் தீவில் குழி தோண்டிக் குடியேற முயன்றாள் என்றும், கடல்நீர் புகுந்து அவளுடைய நெருப்பை அணைத்துவிடவே, தீவு தீவாகத் தென்கிழக்கே நகர்ந்து, இறுதியில் பெருந்தீவிலுள்ள கிலாவேயா எரிமலையில் நிலைபெற்றாள் என்றும் அக்கதை கூறும். கடலோடிகளான அம்மக்கள் தீவுகளின் முதுமையையும் இளமையையும் கண்ணாலேயே அளந்துவிட்டனர் போலும்!

1840-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வுக் கப்பல்களுடன் அங்குச் சென்ற ஜேம்ஸ் டுவைட் டானா என்னும் நிலநூலறிஞரும் ஏறக்குறைய இதனையே கண்டார். வடமேற்கே செல்லச் செல்ல, மலைகளை மழையும் அலையும் மிகுதியாக அரித்திருந்தன. எரிமலைகள் அத்திசையிலிருந்தே வரிசையாக அணைந்து வந்தன என்று அவர் துணிந்தார். அதன் காரணம் விளங்க நூறாண்டுகளுக்கு மேலாயின.

1963-இல் கனடா நாட்டு அறிஞர் டூசோ வில்சன் ஒரு விளக்கம் தந்தார். பூமியின் மேலோட்டுக்கு அடியில், ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள பாறைப் பகுதியைக் கவசம் என்பர். அது திடப்பொருளே எனினும், கடும் வெப்பத்தால் மிக மெல்ல ஒழுகும் இயல்புடையது. அக்கவசத்தில் ஓரிடத்தில் நிலையாக ஒரு வெப்பப் புள்ளி இருக்கிறது. அதன்மேல் கடற்தரை நகர்ந்து செல்கிறது என்றார் வில்சன். எரியும் விளக்கின்மேல் ஒரு காகிதத்தை மெல்ல இழுத்தால் கருகல் வரிசையாக விழுமன்றோ? அவர் கட்டுரையை முதலில் பெற்ற ஆய்விதழ் ஏற்க மறுத்தது என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1971-இல் ஜேசன் மார்கன், கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பத் தூண்களே இப்புள்ளிகள் என்றார்.

ஹவாய்க்கு வடமேற்கே கடலுள் மூழ்கிய எரிமலைகள் தொடர்ந்து செல்கின்றன. பின்னர் அவ்வரிசை திடீரென வடக்கே திரும்புகிறது. வடக்கே செல்லும் கிளையிலுள்ள மலைகளுக்கு ராபர்ட் டீட்ஸ் 1954-இல் ஜப்பானியப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டினார். வளைவின் வயது ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகள். பசிபிக் தட்டு அப்பொழுது திசை மாறிற்று என்றே நூல்கள் பலவும் எழுதின. விளக்கு அசையவில்லை என்பதில் எவருக்கும் பெரிதாக ஐயமில்லை.

ஆயினும் கற்கள் வேறொன்று கூறின. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது, அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அவ்விடத்துக் காந்தப் புலத்தின் திசையைப் பதித்துக்கொள்கின்றன. நிலநடுக்கோட்டருகே அத்திசை கிடையாகவும், துருவத்தருகே செங்குத்தாகவும் இருக்கும். ஆகவே கல்லின் காந்தச் சாய்வை அளந்தால் அது பிறந்த அட்சரேகை தெரிந்துவிடும். வெப்பப் புள்ளி அசையாததாயின், எல்லா மலைகளும் இன்றைய ஹவாயின் 19 பாகையையே காட்ட வேண்டும்.

2001-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் துளைக்கப்பல் அம்மலைகளைத் துளைத்துக் கற்களைக் கொணர்ந்தது. ஜான் டார்டுனோ குழுவினர் 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். பழமையான டெட்ராய்ட் மலையின் கற்கள் ஏறத்தாழ 34 பாகையைக் காட்டின, நிந்தோக்கு 27, வளைவருகேயுள்ள கோக்கோ 22-க்குச் சற்றே குறைவு. விளக்கே தெற்கு நோக்கி நகர்ந்திருந்தது! வேகம் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நம் விரல் நகம் வளரும் வேகந்தான்.

சிந்தித்தால் இதில் வியப்பில்லை. கவசம் முழுதும் ஒழுகிக்கொண்டிருக்கையில், அதனூடே எழும் தூண் மட்டும் எங்ஙனம் அசையாது நிற்கும்? காற்றில் புகை வளைவதுபோல் அதுவும் சாய்ந்து இடம்பெயர்தல் இயல்பே. அந்த வளைவில் தட்டின் பங்கு எவ்வளவு, கவச ஓட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.