எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது?

2011-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், வரப்போவதை மனிதர்களால் முன்கூட்டியே உணர முடிகிறது என்று ஒன்பது சோதனைகளோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற சோதனைகள். கட்டுரை வந்தது ஏதோ சோதிடப் பத்திரிகையில் என்று நினைத்துவிட வேண்டாம், சமூக உளவியலின் முதல்தர ஆய்விதழில். ஸ்டூவர்ட் ரிட்சி, ரிச்சர்ட் வைஸ்மன், கிறிஸ்டபர் ஃப்ரெஞ்ச் மூவரும் அந்த ஒன்பதில் ஒன்றை எடுத்து ஆளுக்கொரு இடத்தில் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதே இதழுக்கு எழுதி அனுப்பினால், மறுசோதனைகளை நாங்க வெளியிடுறதில்லை என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் 2012-ல் பிளாஸ் ஒன் இதழ் அதை வெளியிட்டது.

இதற்கு நடுவில் நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாபெல் தன் ஆய்வுத் தரவுகளை வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டியது அம்பலமானது. பழைய சோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்கணும் என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டார்கள். தகராறு வந்தது எதை என்பதில்தான்.

2011 இறுதியில் பிரையன் நோசெக் தலைமையில் தொடங்கிய கூட்டு முயற்சி இதற்கு ஒரு விதி வகுத்தது. மூன்று ஆய்விதழ்கள், 2008-ஆம் ஆண்டு. ஆண்டின் முதல் இதழிலிருந்து வரிசையாகக் கட்டுரைகளை எடுத்துக் குழுக்களுக்கு முன்னால் வைப்பது. ஒரு கட்டுரையில் பல சோதனைகள் இருந்தால், பொதுவாகக் கடைசிச் சோதனை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் கணக்கு. ஆனால் வரிசையில் வைத்ததை எல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 158 கட்டுரைகளில் 111-க்குத்தான் குழு கிடைத்தது, கெடுவுக்குள் முடிந்தவை 100. மீதிக் கட்டுரைகளை ஏன் யாரும் தொடவில்லை? செய்ய முடியாது என்பதுதான் முக்கியக் காரணம். தனிக் கருவி வேண்டும், கிடைப்பதற்கரிய ஆட்கள் வேண்டும். கல்லூரி மாணவர்களை அரை மணி நேரம் கணினி முன் உட்கார வைத்தால் முடிகிற சோதனைக்கு உடனே ஆள் கிடைக்கும். கரண்டி எட்டிய இடத்துச் சோறுதான் கைக்கு வந்தது.

2015-ல் முடிவு வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் காட்டியிருந்தன, மறுசோதனையில் 36 சதவீதம். உளவியலில் பாதிக்கு மேல் பொய் என்று பத்திரிகைகள் எழுதின. அறிதல் உளவியலில் பாதி தேறியது, சமூக உளவியலில் நாலில் ஒன்று என்ற விவரம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. 2016-ல் டேனியல் கில்பர்ட்டும் கேரி கிங்கும் மற்ற இருவரும் இது சரியான மாதிரியே இல்லை என்று மறுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கொள்கை பற்றி வாதிடும் வீடியோவை ஆம்ஸ்டர்டாம் மாணவர்களிடம் போட்டுக் காட்டியதை அவர்கள் கேலியாகச் சுட்டினார்கள். அவர்களுடைய கணக்கைவிட இந்த உதாரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

வரிசைப்படி எடுப்பதை விட்டுவிட்டு, ஆய்வாளரே தன் சோதனையைக் கொடுத்தால்? ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராக் அப்படித்தான் செய்தார். பேனாவைப் பல்லால் கடித்தால் முகம் சிரிப்பதுபோல் ஆகும், அப்போது கேலிச்சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தெரியும் என்ற அவருடைய 1988 சோதனையைத் தானே முன்வந்து கொடுத்தார். அந்தத் துணிச்சல் பலருக்கு இருந்ததில்லை. 17 ஆய்வகங்கள், 1,894 பேர், 2016-ல் முடிவு: விளைவே இல்லை. பங்கேற்றவர்களைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது, என் சோதனையில் அது கிடையாது என்றார் ஸ்ட்ராக். சாக்கு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் 2022-ல் 19 நாடுகளில் 3,878 பேரிடம் செய்ததில், பேனா முறையில் தெளிவான முடிவு வராவிட்டாலும், சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டவர்களுக்கு மகிழ்ச்சி சற்றுக் கூடியது.

ராய் பௌமைஸ்டரின் கதை இன்னும் சிக்கல். சாக்லேட் பிஸ்கெட்டைத் தொடாமல் முள்ளங்கியைத் தின்னச் சொன்னால் மனஉறுதி தீர்ந்துபோகும் என்ற 1998 சோதனை பாடநூல்களில் ஏறிவிட்டது. 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அந்தக் கருத்தைச் சோதித்தன. முள்ளங்கி வரவே இல்லை. 23 இடத்தில் ஒரே மாதிரி பிஸ்கெட் சுடுவது எப்படி? கணினியில் எழுத்துகளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விளைவு ஏறக்குறைய பூஜ்யம். அது என் முறையே இல்லை என்றார் பௌமைஸ்டர். எந்த ஆய்வு என்று முடிவு செய்தால் போதாது, அதில் எந்தப் பகுதி என்பதும் ஒரு தேர்வுதான்.

பின்னாளில் பெடர் இசாகர், டேனியல் லேக்கன்ஸ் முதலியோர் இதற்கு ஒரு கணக்கே எழுதினார்கள். அந்தக் கண்டுபிடிப்பு சரியா தவறா என்பது எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு சந்தேகம், புதுச் சோதனை அந்தச் சந்தேகத்தை எவ்வளவு தீர்க்கும், என்ன செலவாகும். மளிகைக் கடைக்காரர்கூடக் கேட்கிற கேள்விகள், வந்து சேரத்தான் பத்தாண்டு ஆனது.

அப்படிப் பார்த்தா முதலில் எடுத்திருக்க வேண்டியது வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனை. மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பின்னாளில் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தார்கள் என்ற 1990 முடிவு நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகளை வைத்துச் சொல்லப்பட்டது, அவர்கள் எல்லோரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் படித்தவர்கள். அதை நம்பி ஏழைப் பிள்ளைகள் படிக்கிற அமெரிக்கப் பள்ளிகளில் மார்ஷ்மெல்லோவைத் தின்னாதே என்று சட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளையின் தோல்விக்கு அவன் மனஉறுதிதான் காரணம் என்று சொல்லும் சட்டை.

2018-ல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹவோனன் குவான் மூவரும் 918 குழந்தைகளின் விவரங்களை அலசினார்கள். கல்லூரி முடிக்காத தாய்மாரின் பிள்ளைகள் மீது தனிக் கவனம் வைத்தார்கள். தொடர்பு மூல ஆய்வில் இருந்ததில் பாதிதான் வந்தது. குடும்பப் பின்னணியையும் இளவயது அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. இதற்காக அவர்கள் புதிதாக ஒரு குழந்தையையும் சோதிக்கவில்லை. ஒரு அமெரிக்க அரசு நிறுவனம் 1991-ல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துச் சேர்த்துவைத்த விவரம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு 2006 வாக்கிலேயே 15 வயது ஆகியிருந்தது.